நிலையில் இருப்பது தாயத்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பொத்துவில், அறுகம்குடா, பாசிக்குடா பக்கங்களில் வீடெடுத்துத் தங்கும் வெளிநாட்டவர் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. புது வீட்டுக்குக் குடிவந்ததோடு, கைவிட்டிருந்த யூத வழக்கங்களைத் திரும்பவும் பிடித்துக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். நோக்கம் நல்லது, ஆனால் பிழை நாலு இருக்கிறது. கதவு நிலையில் பொருத்தும் மெஸூஸா ஒரு தாயத்து என்றது. அச்சடித்த தாளே அதற்குப் போதும் என்றது. ஹலால் கடை இறைச்சி அவர்களுக்கும் ஆகும் என்றது. பழைய மண்சட்டியைக் கொதிநீரால் கழுவினால் புதுச்சட்டி மாதிரி என்றது. நிலை போடும் ஓடாவி, சுவர் பூசும் மேசன், குசினியில் நிற்கும் அக்கா, வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரர் எல்லாரும் நம் ஊர் ஆட்கள். பிழை அவர்கள் கையால் நடந்துவிடுகிறது என்பதால்தான் இந்தக் கடிதம். 2024 ஒக்டோபரில் அறுகம்குடாவுக்கு வந்த பாதுகாப்பு எச்சரிக்கை, அங்குள்ள கட்டடங்கள் பற்றிய தகராறு, காசா யுத்தம் பற்றியெல்லாம் பேச வேண்டியது நிறைய உண்டு. அதை வேறொரு நாளைக்கு விடுகிறோம்.

நமக்குக் குடிபுகுதல் ஒரு நாள் காரியம். பால் பொங்கிவிட்டால் மனம் ஆறிவிடும். யூதர்களிடமும் வீட்டுத் திறப்புவிழா உண்டு. அவர்கள் வேதத்தில் வரும் சங்கீதம் 30 என்ற பாட்டின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ரொட்டியும் உப்பும் முதலில் கொண்டுபோய் வைப்பார்கள், உறவினரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். நாள் பார்ப்பதில் மட்டும் நமக்கு நேர் எதிர். செவ்வாய்க்கிழமை குடிபுக நம்மவர் யோசிப்பார்கள். அவர்களில் பலர் செவ்வாயைத்தான் கேட்பார்கள். வேதத்தின் படைப்புக் கதையில், மூன்றாம் நாளில் ‘நல்லது’ என்ற சொல் இரண்டு தரம் வருகிறது என்பது காரணம். செவ்வாய் காலை சாவி கேட்டால் வீட்டுக்காரர் திகைக்க வேண்டியதில்லை. ஆனால் விழா நாள் சிறியது. பாரமெல்லாம் அதற்குப் பிறகு வரும் அளவுகளில் இருக்கிறது.

கதவிலிருந்து தொடங்குவோம். மெஸூஸா என்ற எபிரேயச் சொல்லுக்கே நிலைக்கால் என்றுதான் பொருள். வெளியே தெரியும் கூடு மரமோ பித்தளையோ பிளாஸ்டிக்கோ, அதற்கு மதிப்பில்லை. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல்தான் சரக்கு. வேதத்தின் உபாகமம் என்ற நூலில் 6ஆம் அதிகாரத்தில் 4 முதல் 9 வரையும், 11ஆம் அதிகாரத்தில் 13 முதல் 21 வரையும் உள்ள வசனங்களை, உண்ணத்தகும் விலங்கின் தோலில், 22 வரிகளில், 713 எழுத்துகளில், ஸோஃபேர் எனப்படும் பயின்ற எழுத்தர் இறகாலோ நாணலாலோ கையால் எழுதியிருக்க வேண்டும். மையைக் காய்ச்சுவது மாசிக்காய், பிசின், துத்தம் இவற்றால். நாட்டுமருந்துக் கடையில் பிள்ளைப் பராமரிப்புக்கென்று நாம் வாங்குகிற அதே மாசிக்காய்தான். எழுத்துகளை வரிசை பிசகாமல் எழுத வேண்டும். நடுவில் ஒரு எழுத்து விடுபட்டது எழுதி முடித்த பிறகு தெரிந்தால், பின்னுக்குப் போய் அதைச் செருக முடியாது. அந்தத் தோல் ஆகாது. ஒரு எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டாலும், அதைச் சுரண்டிப் பிரிக்கும்வரை ஆகாது. அச்சடித்த தாள் ஏன் போதாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

வாங்கும்போது ஏமாறுவதும் இங்கேதான். அழகான கூட்டுக்குள் கடதாசிப் பிரதியை வைத்து விற்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தோலைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால், மை சற்று எழும்பி நிற்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே மையில்லாத கீறல் கோடும் தெரிய வேண்டும். எபிரேய எழுத்து கோட்டிலிருந்து தொங்கும், கோட்டின் மேல் உட்காராது. இரண்டும் இல்லையென்றால் விசாரிக்க வேண்டும்.

தாயத்து என்ற சொல்லுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், மெஸூஸாவின் உட்பக்கத்தில் தேவதூதர் பெயர்களை எழுதி வைத்தவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஒரு கட்டளையை எடுத்துச் சொந்த நன்மைக்கான தாயத்தாக ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் கோபம். போகும்போதும் வரும்போதும் இறைவன் ஒருவனே என்ற நினைப்பு தட்டி எழுப்ப வேண்டும், அதற்குத்தான் அது என்கிறார். பாதுகாப்பு தரும் என்று நம்புகிற யூதர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் பேசுவது நினைவை.

இனிப் பொருத்தும் வேலை. நம் வழமையான 7 அடி நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 84 அங்குலம். அதை மூன்றாகப் பிரித்தால் மேல் மூன்றில் ஒரு பங்கு தரையிலிருந்து 56 அங்குலத்தில் தொடங்குகிறது. கூட்டின் அடி அந்த 56இல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பிழை. மேலே ஏற்றினாலும் மேற்சட்டத்திலிருந்து நாலு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி வேண்டும். வெளியிலிருந்து உள்ளே நுழைபவரின் வலக்கைப் பக்க நிலைக்காலில், வெளிப்பக்க விளிம்பிலிருந்து ஏறத்தாழ 8 சென்ரிமீற்றருக்குள் வர வேண்டும். ஐரோப்பிய வழி யூதர் மேல்முனை வீட்டுக்குள் சாயும்படி சரித்து வைப்பார்கள். நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றவருக்கும் படுக்க வைக்க வேண்டும் என்றவருக்கும் நடுவே கண்ட சமாதானம் அந்தச் சரிவு. கீழைத்தேய வழியினர் நேராகவே வைப்பார்கள். ஆகவே கூடு சரிந்திருப்பதைப் பார்த்து ஓடாவி நல்லெண்ணத்தோடு நிமிர்த்திவிடக் கூடாது.

தோலைச் சுருட்டுவது கடைசிச் சொல்லிலிருந்து முதற் சொல்லை நோக்கி. மடிக்கக் கூடாது, மடித்தால் மை வெடிக்கும். கூட்டை மேலும் கீழும் இரண்டு இடத்தில் இறுக்க வேண்டும். ஒற்றை ஆணியில் தொங்கவிட்டது ஆகாது. நிலையைக் குடைந்து உள்ளே புதைப்பது சிலருக்கு நேர்த்தியாகத் தெரியும். ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல் ஆழமாகப் போனால் அதுவும் செல்லாது. ஓடாவிமார் கவனிக்க வேண்டிய இன்னொன்று முக்கியமானது. பட்டறையிலேயே நிலையில் கூட்டைப் பொருத்தி, தோலையும் வைத்து, பிறகு கொண்டுவந்து நிலை நாட்டினால் அவ்வளவும் வீண். நிலை முதலில் நிற்க வேண்டும், மெஸூஸா பிறகுதான் வர வேண்டும். தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூலின் காலத்திலிருந்தே உள்ள விதி இது: தானாக அமைந்துவிட்டது கணக்கில் வராது, செய்யவேண்டிய நேரத்தில் செய்ய வேண்டும்.

கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பெரிய எதிரி. சாதாரண இரும்பாணி ஒரு மாரிக்குள் துருப்பிடித்து நிலையில் கறை இறக்கிவிடும். எவர்சில்வர் திருகாணி போடுங்கள். தோலை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கமும் மூடிய கூட்டில் வைத்து, மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சிலிக்கன் பூச வேண்டும். அடி விளிம்பை விட்டுவிடலாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும். ஏழு வருடத்தில் இரண்டு தரம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது பொது விதி. வெயில் நேரே விழும் கிழக்கு வாசலில் அதற்கு முன்பே பார்த்துவிடுவது புத்தி.

எல்லா வாசலுக்கும் வேண்டுமா? குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் இல்லை. நாலு முழத்துக்கு நாலு முழம், அதாவது ஏறத்தாழ ஆறரை அடிச் சதுரம் இல்லாத சின்ன அறைகளுக்கும் பொதுவாக இல்லை. கூரையைத் தாங்குவதற்கென்று மட்டும் தூண் நிற்கும் திறந்த விறாந்தைக்கும் இல்லை. மற்ற அறைகளுக்கெல்லாம் உண்டு. முன்வாசலில் ஒரே ஒரு தரம் ஆசீர்வாதம் சொல்லி, இடையில் கதை பேசாமல் மற்ற வாசல்களையும் முடித்துவிடலாம். இஸ்ரேலுக்கு வெளியே வாடகைக்கு இருப்பவருக்கு 30 நாள் தவணை உண்டு. ஆகவே அலைச்சறுக்குக்காக இரண்டு வாரம் வருகிறவர் எதுவும் பொருத்த வேண்டியதில்லை. சொந்த வீடு என்றால் குடிபுகுந்த உடனே.

புதிதாகக் கட்டிக் கொடுப்பவருக்கு மூன்று சொல். தட்டையான கொங்கிறீற் கூரையில் ஆள் நடமாடுவதென்றால் சுற்றிவரக் கைப்பிடிச் சுவர் வேண்டும். இது உபாகமம் 22:8இல் நேரடியாக வரும் கட்டளை. பத்துக் கைப்பிடி உயரம். 80 சென்ரிமீற்றர் என்பவரும் உண்டு, 96 என்பவரும் உண்டு, ஒரு மீற்றர் வைத்தால் வழக்கில்லை. ஆள் சாய்ந்தால் இடியாத பலம் இருக்க வேண்டும். மெல்லிய அலங்காரக் கம்பி உதவாது. வளவுக்குள் கிணறு இருந்தால் அதற்கும் இதே விதி. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கும், தோட்டத்துத் துரவுக்குத்தான் இராது. மூன்றாவது விடயத்தில் மேசன்மார் அவசரப்பட வேண்டாம். வாசலுக்கு எதிரே ஒரு முழச் சதுரம், ஏறத்தாழ 19 அங்குலம், பூசாமல் விடச் சொல்வார்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்ததன் நினைவு அது. கடைசி நாளில் ‘விட்டுப்போச்சு’ என்று சீமெந்தைக் குழைத்து அப்பிவிட்டால் வீட்டுக்காரரின் முகம் வாடும்.

சுவர் என்றதும் இன்னொரு பிழை நினைவுக்கு வருகிறது. ‘கிழக்கு’ என்று எபிரேயத்தில் எழுதிய அலங்காரப் பலகையை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து இங்கும் கிழக்குச் சுவரில் மாட்டுகிறார்கள். தொழும்போது பார்க்க வேண்டியது எருசலேமை. அது இங்கிருந்து வடமேற்கே, வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 54 பாகையில் இருக்கிறது. காத்தான்குடிப் பள்ளிவாசலின் கிப்லாவை அறிந்தவர் அதிலிருந்து சற்று வடக்கே திரும்பினால் சரி. கிழக்கே பார்த்தால் வங்காள விரிகுடாதான் தெரியும்.

குசினிதான் எல்லாவற்றிலும் கடினம். பழைய வழக்கங்களுக்குத் திரும்பி வருகிறவர்கள் சறுக்குவதும் அங்கேதான். ஒரே வாரத்தில் அத்தனை பாத்திரத்தையும் மாற்றி, மூன்றாம் வாரம் களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். வாசலையும், ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை விளக்கையும் முதலில் நிலைப்படுத்திவிட்டு, குசினியை ஒவ்வொரு தட்டாக எடுப்பது நல்லது. அடிப்படை எளிது: இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சமைக்கவோ உண்ணவோ கூடாது. ஆகவே இரண்டு தொகுதிப் பாத்திரம் வேண்டும். இறைச்சி உண்டபின் பால் சேர்க்கப் பெரும்பாலானோர் ஆறு மணி நேரம் காத்திருப்பர்.

பழைய பாத்திரத்தைத் தகுதியாக்க ஒரே தத்துவம்: உள்ளே எப்படி ஏறியதோ அப்படியே வெளியேறும். கறி கொதித்த எவர்சில்வர், அலுமினியப் பானை என்றால் முதலில் கறையும் துருவும் இல்லாமல் உரசிக் கழுவி, 24 மணி நேரம் சூடான எதற்கும் பாவிக்காமல் வைக்க வேண்டும். பிறகு பெரிய அண்டாவில் தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும்போது முழுதாக அமிழ்த்தி எடுத்துக் குளிர்நீரில் அலச வேண்டும். அண்டாவுக்குள் அடங்காத பானையை விளிம்புவரை நிரப்பிக் கொதிக்க வைத்து, செக்கச் செவேலென்று காய்ச்சிய கல்லை உள்ளே போட்டால் நீர் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும். விளிம்பை மறப்பதுதான் வழமையான பிழை. தண்ணீரில்லாமல் நேரே நெருப்பில் வாட்டிய கம்பித்தட்டுக்குக் கொதிநீர் போதாது, நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். கைபிடிப் பொருத்துக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் அகப்பையோடு போராடாதீர்கள். சிரட்டை அகப்பை புதிதாக வாங்குவது மலிவு.

மண்சட்டிக்கு இந்த வைத்தியம் கிடையாது. மண் உறிஞ்சியதை விடாது. வேதத்தின் லேவியராகமம் என்ற நூல் அப்படிப்பட்ட மண்கலத்தை உடைக்கச் சொல்கிறது. பீங்கானையும் அதே வகையில் சேர்ப்பவர்களே அதிகம். ஆனால் புதுச் சட்டி வாங்குகிறவருக்கு இதுவே வசதி. மினுக்கம் பூசாத புதுமண்சட்டிக்குத் தகுதியாக்கலும் வேண்டாம், நீராட்டும் வேண்டாம். கடையிலிருந்து நேரே அடுப்புக்கு. இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, மீனுக்கும் மரக்கறிக்கும் ஒன்று என்று மூன்று வாங்கி, கழுத்தில் வெவ்வேறு நிறக் கயிறு கட்டிவிட்டால் சமைக்கிறவருக்கும் தடுமாற்றமில்லை. எருமைத் தயிர் வந்த சட்டியைக் கழுவிக் கறிச்சட்டியாக்கும் நம் சிக்கனம் மட்டும் அங்கே ஆகாது.

நீராட்டு என்றது வேறு காரியம். யூதரல்லாதவர் செய்த, விற்ற புது உலோகப் பாத்திரமும் கண்ணாடியும் பாவிக்குமுன் இயற்கை நீரில் அமிழ்த்தப்பட வேண்டும். கடல் அதற்குத் தாராளம். கல்லடிக் கடற்கரையில் குடியிருப்பவருக்குத் தனிக் குளம் தேட வேண்டிய வேலையில்லை. விலைச்சீட்டையும் அதன் பசையையும் தேங்காயெண்ணெய் தேய்த்து முற்றாக எடுத்துவிடுங்கள். பசை இருந்தால் தண்ணீர் தொடாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். கவிழ்ந்த கிண்ணத்துக்குள் காற்று தங்கும், போத்தலின் கழுத்தில் குமிழி நிற்கும், ஆகவே சரித்து இறக்க வேண்டும். கரண்டிகளைப் பெரிய கண் வலைப்பையில் தளர்வாகப் போட்டு அமிழ்த்தலாம். அலை வந்து அடிப்பதை நம்பாமல் முழுப் பாத்திரமும் ஒரே நேரத்தில் நீருக்குள் போக வேண்டும். மார்கழி வாடையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். தட்டும் போகும், ஆளும் போகும். மரத்துக்கும் இந்த நீராட்டு இல்லை, பிளாஸ்டிக்குக்கும் பெரும்பாலோர் கேட்பதில்லை.

நம் சமையலில் யாரும் எதிர்பாராத கண்ணி வெங்காயமும் மிளகாயும் உள்ளியும். காரமான பொருளைக் கத்தியால் அழுத்தி வெட்டினால், சூடு இல்லாமலே கத்தியில் இருந்தது அதற்குள் ஏறும் என்பது சட்டம். இறைச்சிக் கத்தியால் வெட்டிய வெங்காயம் இறைச்சி வகையாகிவிடும். அதைப் பால் சேர்ந்த எதிலும் போட முடியாது. அம்மியும் உரலும் அப்படியே. இடிசம்பல் இடித்த உரல் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் முழுக் குசினியும் குழம்பும். அம்மியையும் உரலையும் வெங்காயக் கத்தியையும் எந்தப் பக்கமும் சேராத பொது வகையாகத் தனியே வைப்பதுதான் கிழக்கிலங்கைக் குசினிக்குப் பொருந்தும். நல்ல செய்தியும் உண்டு: தேங்காய்ப்பால் பால் அல்ல. இறைச்சிக் கறிக்குத் தாராளமாக விடலாம். பாதாம்பாலை இறைச்சியோடு பரிமாறும்போது, பார்ப்பவர் சந்தேகப்படாமல் பக்கத்தில் பாதாம்பருப்பு வைக்கச் சொன்ன 16ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் தேங்காய்ப்பாலைக் கண்டு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மா பலவற்றில் கேசினேற் என்ற பால்புரதம் கலந்திருக்கும். திருவிப் பிழிந்ததே நம்பகம்.

ஹலால் இறைச்சி பற்றிச் சுருக்கமாக. அறுக்கிறவர் பயின்ற யூதராக இருக்க வேண்டும், கத்தியில் நகம் தட்டும் அளவுக்குக் கூடப் பிசிறு இருக்கக் கூடாது, நுரையீரல் பார்க்கப்பட வேண்டும், தொடை நரம்பு நீக்கப்பட வேண்டும். பிறகு அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பில் இரத்தம் வடியச் சாய்த்து வைத்து, மூன்று தரம் அலச வேண்டும். ஈரலை உப்பில் போடாமல் நெருப்பில் சுட வேண்டும். இவ்வளவும் நடக்காத இறைச்சி எந்தக் கடையில் வாங்கினாலும் ஆகாது. எனவே இங்கே குடியிருப்பவர் நடைமுறையில் மீனையும் மரக்கறியையும் நம்பித்தான் சமைக்க வேண்டும்.

மீனில் விதி எளிது: செட்டையும் செதிலும் வேண்டும், செதில் தோலைக் கிழிக்காமல் கழன்று வர வேண்டும். விளைமீன், பாரை, சாளை, அறுக்குளா ஆகும். சூரைக்கு உடம்பு முழுக்கச் செதில் இல்லையே என்று தயங்குவார்கள். செவுளுக்குப் பின்னால் இருந்தாலே போதும். இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை, கெளிறு, விலாங்கு ஆகாது. வாவி இறாலைப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுக்கும் அயலவர் இதை நினைவில் வைக்கலாம். சந்தையில் மீனை முழுதாகப் பார்த்து வாங்க வேண்டும். தோலுரித்துத் துண்டு போட்டால் எது எதென்று அடையாளம் போய்விடும். மாசிக்கருவாடும் அதனாலேயே சிக்கல், சூரையில் செய்திருந்தாலும் கூட. திருக்கை வெட்டிய கத்தியிலும் பலகையிலும் அதன் கொழுப்பு இருக்கும். கழுவித் துடைத்து வெட்டச் சொல்வது, அல்லது முழுமீனாகக் கொண்டுபோய் வீட்டில் வெட்டுவது. மீனையும் இறைச்சியையும் ஒரே சட்டியில் போடுவதுமில்லை.

கீரைக்கும் அரிசிக்கும் பூச்சி பார்க்க வேண்டும், அது வெறும் சுத்தம் அல்ல, சமயத் தடை. பொன்னாங்காணி, வல்லாரையை உப்புநீரில் ஊறவைத்து இலை இலையாக ஓடும் நீரில் பிடிக்க வேண்டும். அரிசிக்குச் சுளகும் பழகிய கையும் இருந்தால் போதும். கோதுமை மாவில் 1.2 கிலோ அளவுக்கு மேல் பிசைந்தால் ஒரு சிறு உருண்டை கிள்ளி எடுத்துத் தனியே எரித்துவிட வேண்டும், ஏறத்தாழ 1.67 கிலோவிலிருந்து அதற்கு ஆசீர்வாதமும் உண்டு. அரிசிமாப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த விதி இல்லை.

சமையலுக்கு ஆள் வைத்திருந்தால், அடுப்பைப் பற்றவைப்பது அங்கே குடியிருக்கும் யூதராக இருக்க வேண்டும். கீழைத்தேய வழியினர் சட்டியை ஏற்றுவதையும் தாங்களே செய்வார்கள். நம் கையைத் தீட்டு என்று நினைக்கிறார்களோ என்று அக்காமார் மனம் நோவதுண்டு. தீட்டு என்ற எண்ணம் அதில் இல்லை; சாப்பாட்டில் குடியிருப்பவரின் கையும் இருக்க வேண்டும் என்ற விதி அது.

அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்குகிறது. அதற்கு ஏற்றும் விளக்குக்கு நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில், ஒலிவ எண்ணெய் மட்டுமே ஆகும் என்ற ஒருவரை மறுத்து மற்றவர்கள் அனுமதித்த எண்ணெய்களில் நல்லெண்ணெயும் பெயரோடு வருகிறது. திரியில் நன்றாக ஏறி, நின்று எரிவதுதான் தேவை. தேங்காயெண்ணெய் நுவரெலியாவில் உறையும், மட்டக்களப்பில் உறையாது. திரி பருத்தியாக இருக்கட்டும்; பட்டும் கம்பளியும் கருகிச் சிமிட்டும். குறைந்தது இரண்டு சுடர். சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன் ஏற்றிவிட வேண்டும். இங்கே சூரிய மறைவு கார்த்திகையில் ஏறத்தாழ 5.40க்கும் ஆடியில் ஏறத்தாழ 6.25க்கும் இடையில்தான் அசையும். லண்டன், டெல் அவிவ் நாட்காட்டியை வைத்துப் பார்ப்பவர் மணிக்கணக்கில் பிழை விடுவார். ஏற்றிய பிறகு விளக்கை நகர்த்தவும் அணைக்கவும் கூடாது என்பதால் மின்விசிறிக் காற்று படாத இடம் பார்த்து முதலிலேயே வைக்க வேண்டும். சமய உருவம் உள்ள குத்துவிளக்கைத் தவிர்த்து வெறும் அகலோ கண்ணாடிக் குவளையோ எடுப்பார்கள்.

ஓய்வுநாள் முடியும்வரை, அதாவது அடுத்த நாள் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, மின்சாரத்தை ஏற்றுவதும் அணைப்பதும் இல்லை. லைற்றும் விசிறியும் முன்பே போட்டது போட்டபடி. கறண்ட் போய் வந்தால் தானாக வரும், அதில் குற்றமில்லை. மறக்கும் இடங்கள் மூன்று. குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் சிறு விளக்கைக் கழற்ற வேண்டும். வாசலில் ஆளைக் கண்டு எரியும் விளக்கை நிறுத்த வேண்டும். மூன்றாவது தண்ணீர் மோட்டர்: குழாயைத் திறந்ததும் அமுக்கம் குறைந்து மோட்டர் ஓடுகிற அமைப்பென்றால், கை கழுவுவதே மோட்டரை இயக்குவதாகிவிடும். வெள்ளி பின்னேரமே மேல் தாங்கியை நிரப்பி மோட்டரை நிறுத்தி, தாங்கித் தண்ணீர் தானாக இறங்கும்படி விட வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் அந்த ஒரு வால்வைக் காட்டிக் கொடுத்தால் பெரிய உதவி.

அன்று பொருளை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டு போகவும் கூடாது. ஆனால் அடைத்த வளவுக்குள் கொண்டு திரியலாம். அடைத்தது என்றால் பத்துக் கைப்பிடி உயர வேலி. முள்ளுக்கம்பியும் ஆகும், நிலத்துக்கும் முதற் கம்பிக்கும் நடுவிலும் கம்பிக்குக் கம்பியும் 24 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால். மதில் என்றால் கேள்வியே இல்லை. கிடுகு வேலிக்குத்தான் ஒரு நிபந்தனை: வழமையான காற்றில் ஆடி விழாத வேலியே வேலி. கச்சான் காற்றில் விசிறி மாதிரி அடித்துக்கொள்ளும் கிடுகைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கதிகாலை நெருக்கமாக நட்டு, மேல், நடு, அடி என்று மூன்று வரிச்சு வைத்துக் கட்டினால் தீர்ந்தது.

குடியிருந்தவர் வீட்டை விட்டுப் போகும்போது, அடுத்து வருகிறவர் யூதர் அல்லாதவர் என்றால் மெஸூஸாவைக் கழற்றிக்கொண்டு போவார். யூதரென்றால் விட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்குரிய விலையைக் கேட்டு வாங்கலாம். யாரும் மறந்து விட்டுப்போன கூடு நிலையில் இருந்தால் குப்பையில் போடவோ எரிக்கவோ வேண்டாம். இறைவன் பெயர் எழுதிய தோலை அவர்கள் நிலத்தில் அடக்கம் செய்வார்கள். கூட்டோடு எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்து, முன்பிருந்தவருக்குச் செய்தி அனுப்பினால் போதும். நிலையில் மிஞ்சுவது இரண்டு திருகாணித் துளை. அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் அரத்தாள் தேய்த்து வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தால் தெரியாது. அடைக்காமல் விட்டால் மாரி ஈரம் அந்த வழியாக இறங்கி, கறையானுக்கு வழி திறந்துவிடும்.

இங்ஙனம்,
வாசகர் இருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.